உங்கள் மின்னஞ்சல் யார் வீட்டில் இருக்கிறது?

எங்கள் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் மின்னஞ்சல் என்றாலே ஜிமெயில்தான். பாஸ்போர்ட் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, வளைகுடா மருத்துவமனைகளுக்கு நர்ஸ் வேலை கேட்டு அனுப்பும் பயோடேட்டா என எல்லாம் அந்த ஒரே கணக்கில் இருக்கும். மின்னஞ்சல் படிப்பதற்கென்றே கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன, தண்டர்பேர்டு, அவுட்லுக் என்று அவற்றுக்குப் பெயர்கள் என்று சொன்னால், பலர் ஏற இறங்கப் பார்ப்பார்கள். முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி நியாயமாகவே கேட்டார்: "எல்லாம் ஜிமெயில்ல கெடக்குல்லா? பின்ன எதுக்குத் தனியா ஒண்ணு?"

அவருக்குப் பதில் சொல்ல, நாம் எப்படி வெப்மெயில் பக்கம் போனோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அன்று மலிவாகக் கிடைத்தது 'ஷெல்' கணக்கு. அதில் படம் வராது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். கடிதம் படிக்க 'பைன்' என்றொரு மென்பொருள் இருந்தது. அது ஓடியது நம் கணினியில் அல்ல, தொலைவில் இருந்த சர்வரில். நம் மேசையில் இருந்தது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். கடிதம் எங்கோ இருக்கும், நாம் எட்டிப் பார்ப்போம் என்ற ஏற்பாடு வெப்மெயிலுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

பிறகு வந்தது பிரவுசிங் சென்டர் காலம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் ஊர்களில் வீட்டில் கணினி வைத்திருந்தவர் குறைவு. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, மெயில் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அடுத்த நிமிடம் அதே நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். அந்தக் கணினியில் ஒரு மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு உங்கள் கடிதங்களை இறக்கினால், அவை கடைக்காரரின் ஹார்டு டிஸ்கில் தங்கிவிடும். ஆகவே சொந்தக் கணினி இல்லாதவருக்கு வெப்மெயில் ஒன்றே வழி. ஹாட்மெயில், யாஹூ, ரீடிஃப்மெயில் என்று முகவரி வாங்கி, அதைப் பயோடேட்டாவில் பெருமையாகப் போட்டுக்கொண்டோம்.

அந்த ஹாட்மெயிலைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா. அவரும் ஜாக் ஸ்மித்தும் கலிஃபோர்னியாவில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தபடி, சொந்தத் தொழில் தொடங்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அலுவலக மெயிலில் அதைப் பேச முடியாது. சொந்த மெயிலைத் திறக்கவோ அலுவலகத்தின் பாதுகாப்புச் சுவர் விடாது. ஆனால் பிரவுசர் மட்டும் வெளியே போய்வந்தது. அப்படியானால் மெயிலையே ஒரு வலைப்பக்கமாக்கிவிட்டால் என்ன என்று தோன்றியதுதான் ஹாட்மெயிலின் விதை. 1996 ஜூலை 4 அன்று தொடங்கினார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அன்று ஒருவருக்குக் கிடைத்த இடம் 2 மெகாபைட். இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதற்குள் அடங்குமா என்பது சந்தேகம்.

இனி, கடிதம் எப்படிப் பயணம் போகிறது என்று பார்ப்போம். 1971-இல் ரே டாம்லின்சன் அர்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பியபோதே, பெயரையும் கணினியையும் பிரிக்க '@' குறியைப் பயன்படுத்தினார். கடிதத்தை ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகும் விதிமுறை எஸ்.எம்.டி.பி.; அது 1982-இல் எழுதப்பட்டது. நீங்கள் ஜிமெயிலில் எழுதினாலும் அவுட்லுக்கில் எழுதினாலும் வேறு நிறுவனத்தின் சர்வருக்குப் போக அந்த வழிதான். ஆக, வெப்மெயில், மென்பொருள் என்ற வேறுபாடு கடிதத்தின் பயணத்தில் கிடையாது. கடைசி அடியில், அதாவது உங்கள் பெயருக்கு வந்து சேர்ந்த கடிதம் உங்கள் கண்ணுக்கு எப்படி வருகிறது என்பதில் மட்டும்தான் இருக்கிறது.

அந்தக் கடைசி அடிக்கு மூன்று வழிகள் உண்டு. 1984-இல் முதல் வடிவமும் 1988-இல் மூன்றாம் வடிவமும் கண்ட 'பாப்' முறையின் பெயரிலேயே தபால் நிலையம் இருக்கிறது. நடப்பதும் அதுதான்: தபாலாபீசுக்குப் போய், நம் பெயருக்கு வந்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது. 1951 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த 'அஞ்சல்' துறை நடந்த இந்தப் பகுதியின் முன்னோருக்கு அதை விளக்கவே வேண்டியிருக்காது. வாங்கி வந்த பிறகு தபாலாபீசில் ஒன்றும் மிச்சமிருக்காது, அசல் வீட்டில்தான். 'சர்வரில் ஒரு நகல் விட்டுவை' என்ற வசதியெல்லாம் பின்னால் சேர்ந்தது.

1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' முறை வேறு மாதிரி. அசல் சர்வரிலேயே இருக்கும். உங்கள் கணினி, செல்பேசி, அலுவலகக் கணினி எல்லாம் அதன் நகல்களை வைத்துக்கொண்டு, படித்தது எது, பதில் போட்டது எது, அழித்தது எது என்று சர்வரோடு அவ்வப்போது ஒத்துப்பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வழி வெப்மெயில். இதில் பொதுவாக உங்களிடம் நிலையான நகல்கூட இருக்காது. பக்கத்தைத் திறக்கும்போது காட்டுவார்கள், மூடினால் போயிற்று.

டயல்-அப் காலத்தில் பாப் முறைக்கு இருந்த மவுசு புரிந்துகொள்ளக்கூடியது. 56 கிலோபிட் மோடம், எல்லாம் சரியாக இருந்தால், நொடிக்கு 7 கிலோபைட் இறக்கும். ஒரு மெகாபைட்டுக்கு இரண்டரை நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு நிமிடம் தொலைபேசிக் கட்டணம் ஏறும். மென்பொருள் இருந்தால் இணைப்பைப் போட்டு, கடிதங்களை மொத்தமாக வாரிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். பதில்களையும் எழுதி அடுக்கி, அடுத்த இணைப்பில் ஒரே மூச்சில் அனுப்பலாம். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988-இல் எழுதிய யூடோரா என்ற மென்பொருள் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் தனியாக ஒரு கதை இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் எழுதியவர்களுக்கு அந்தச் சிக்கல் தெரியவே தெரியாது.

1982-இன் எஸ்.எம்.டி.பி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு பிட் மட்டுமே ஒதுக்கியது. 128 குறிகள், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதில் அடங்கிவிடும். யூனிகோடு பரவாத 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல, எட்டாவது பிட்டையும் பயன்படுத்தி 128-க்கு மேலே உள்ள இடங்களில் தமிழை உட்காரவைத்தன. வழியில் ஏதாவதொரு பழைய சர்வர் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டால் கடிதம் குப்பை. வெட்டாமல் வந்து சேர்ந்தாலும், அனுப்பியவரிடம் இருந்த அதே எழுத்துரு பெற்றவரிடமும் இருக்க வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஆகியவை அப்போது தமிழ்க் கடிதம் எழுதியவர்களின் கையில் இருந்தன. 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிய முயற்சி. உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்களை அதில் இணைத்தது மின்னஞ்சல்தான்.

அந்தக் காலத்தில் தமிழ்க் கடிதம் எழுதியவருக்கு மேசைக் கணினி மென்பொருள் வெறும் சொகுசு இல்லை. அமைப்புப் பக்கத்துக்குப் போய் 'இந்தக் கடிதங்களை இந்த எழுத்துருவில் காட்டு' என்று சொன்னால் தமிழ் தெரியும். வெப்மெயிலில் பக்கத்தின் எழுத்துருவை அந்த நிறுவனமே முடிவு செய்துவிடும். தமிழ்க் கடிதம் வந்தால் கண்டபடி புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக நிற்கும். அதை அப்படியே வெட்டி நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவை மாற்றிப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் ஒரு பொது விசைப்பலகையையும் முன்வைத்ததற்குப் பின்னால் இந்த அவஸ்தையும் இருந்தது. கடைசியில் சிக்கலைத் தீர்த்தது யூனிகோடு. அதற்குப் பிறகுதான் தமிழைப் பொறுத்தவரை வெப்மெயிலும் மென்பொருளும் சமமாயின.

ஏழு பிட் சாலையில் தமிழ் எப்படிப் போகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, முழுக்கத் தமிழில் வந்த ஒரு கடிதத்தின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் கடிதத்தின் அசலைக் காட்டும் வசதி இருக்கும். தண்டர்பேர்டில் கன்ட்ரோல் விசையோடு 'யு' அழுத்தினால் போதும். மேலே, கடிதம் எந்தெந்த சர்வர் வழியாக எந்த நேரத்துக்கு வந்தது என்ற முத்திரைகள் வரிசையாக இருக்கும். கீழே பல சமயம் பொருளே இல்லாத எழுத்துக் குவியல். அது 'பேஸ்64' குறியாக்கம். நேதனியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் வகுத்த 'மைம்' விதிமுறையின் பகுதி அது. மூன்று பைட்டுகளை, அதாவது 24 பிட்களை, ஆறு ஆறாகப் பிரித்து நான்கு ஆங்கில எழுத்துகளாக்குவார்கள். அதன் பிறகு பழைய சாலையில் எதுவும் போகும். போரன்ஸ்டீன் அந்த ஆண்டு மார்ச் 11 அன்று, தான் பாடும் நால்வர் குழுவின் படத்தையும் பாட்டையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பிக் காட்டினார். இன்று நாம் இணைத்து அனுப்பும் ஆதார் நகலுக்கும் இன்வாய்ஸுக்கும் வழி திறந்தது அதுதான்.

இதில் தமிழுக்கு ஒரு வேடிக்கை உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சரியாக மூன்று பைட். 'தேன்' என்ற சொல்லில் த, ஏகாரக் குறி, ன, புள்ளி என நான்கு குறியீடுகள், 12 பைட். பேஸ்64-இல் அது 16 எழுத்தாகிறது. அந்த நான்கு நான்கு கூட்டத்தில் முதலில் எப்போதும் 4 என்ற எண், இரண்டாவது எப்போதும் பெரிய 'கே', மூன்றாவது 6 அல்லது கூட்டல் குறி. நான்காவது எழுத்து மட்டும்தான் தாராளமாக மாறும். தமிழின் எல்லாக் குறியீடுகளும் யூனிகோடில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வந்த விளைவு இது. சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி வந்தால் அது ஒற்றை பைட் என்பதால் வரிசை பிசகும். மூன்று இடைவெளி தாண்டியதும் மறுபடி 4, கே என்று வந்து நிற்கும். இந்த அடையாளம் பிடிபட்டுவிட்டால், குவியலைப் பார்த்தே இது தமிழ்க் கடிதம் என்று சொல்லிவிடலாம். பயன் ஒன்றும் இல்லை, எனக்குப் பிடிக்கும்.

பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன அதே அசல் பக்கத்தில்தான், வங்கி அனுப்பியதாக வரும் போலிக் கடிதம் உண்மையில் எந்த சர்வரிலிருந்து கிளம்பியது என்பதும் தெரியும். இதை வெப்மெயிலும் காட்டுகிறது, மென்பொருளும் காட்டுகிறது. செல்பேசிச் செயலிகளில்தான் பெரும்பாலும் ஒளித்துவிடுகிறார்கள். சந்தேகக் கடிதத்தைச் செல்பேசியில் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வரலாம். எல்லாம் ஜிமெயிலில் இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு?

2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஓகி புயலில் குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்பேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. அப்படிப்பட்ட நாட்களில்தான் காப்பீட்டுப் பாலிசியும் படகின் பதிவுச் சான்றும் தேவைப்படும். அவை வெப்மெயிலில் மட்டும் இருந்தால், இணையம் திரும்பும் வரை அவை இல்லாதவைதான். மடிக்கணினியில் நகல் இருந்தால், பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் இருந்தால் போதும்.

பெரிய நிறுவனம் தொலைக்காது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2011 பிப்ரவரி கடைசியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியாகத் தெரிந்தது. பல தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கூகிள் கடைசியில் எடுத்தது காந்த நாடா. வலையோடு இணைக்காமல் தனியாக வைத்திருந்த பழங்கால நாடாவிலிருந்துதான் கடிதங்களை மீட்டார்கள். கூகிளே தனியாக ஒரு பிரதி வைத்திருந்தது என்பதை அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

இன்னொன்று, கணக்கே போய்விடுவது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகிளின் விதி. 2023 டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு அவருடைய மெயிலை யாரும் திறக்காத வீடுகள் எத்தனை! கடவுச்சொல் மறந்து, மீட்பு எண்ணாகக் கொடுத்த பழைய சிம்மும் தொலைந்திருந்தால் கதவு திறக்காது. வழக்காடவும் ஆள் இல்லை. இலவசச் சேவைக்கு கவுன்டர் கிடையாது.

இதையெல்லாம் சொல்வதால் மென்பொருளே சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. பாப் முறையில் எல்லாவற்றையும் ஒரே கணினியில் இறக்கி வைத்திருந்து, ஐப்பசி இடிமின்னலில் மோடத்தோடு கணினியும் போனவர்கள் நம் பக்கத்தில் உண்டு. ஐமேப் வைத்திருப்பவர்களில் பலர் தங்களிடம் காப்புப் பிரதி இருப்பதாக நினைக்கிறார்கள். அது பெரும் தவறு. ஐமேப் ஒத்துப்பார்க்கும் முறை. சர்வரில் ஒருவர் உங்கள் கடிதங்களை அழித்தால், அடுத்த முறை இணையும்போது உங்கள் கணினியும் பணிவாக அழித்துவிடும். காப்புப் பிரதி வேண்டுமென்றால், தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருக்கும் பகுதிக்குக் கடிதங்களை நகலெடுத்து வைக்க வேண்டும். அங்கே அவை சர்வரின் பிடியில் இல்லை.

தேடுவதில் ஜிமெயில் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்ள வேண்டும். குப்பைக் கடிதங்களை வடிகட்டுவதிலும் அப்படியே. கோடிக்கணக்கான பெட்டிகளைப் பார்த்துப் பழகிய வடிகட்டியோடு தனிக் கணினி போட்டி போட முடியாது. ஆனால் ஐமேப் வழியாக ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் படித்தாலும், வடிகட்டும் வேலை சர்வரிலேயே முடிந்துதான் வருகிறது. அந்த லாபத்தை இழக்க வேண்டியதில்லை.

கோப்பு வடிவத்தையும் கவனியுங்கள். தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு பெட்டியின் கடிதங்களை 'எம்பாக்ஸ்' என்ற முறையில் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவைக்கும். உள்ளே இருப்பது வெறும் எழுத்து; எந்த எடிட்டரிலும் திறக்கலாம். முப்பது ஆண்டுக்கு முந்தைய எம்பாக்ஸ் கோப்பும் இன்று திறக்கும். அவுட்லுக்கின் பி.எஸ்.டி. கோப்பு அப்படியில்லை. பழைய பதிப்புகளில் அது 2 ஜிபியைத் தொட்டதும் பழுதாகிவிடும் ஆபத்தும் இருந்தது. எம்பாக்ஸில் ஒரு சங்கதி: கடிதத்தை அழித்தாலும் கோப்பைச் சுருக்கும் வரை அது உள்ளேயேதான் இருக்கும். பழைய கணினியை விற்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இப்போது எல்லைக்கோடே மங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸோடு வந்த மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டு, எல்லோரையும் புதிய அவுட்லுக்குக்குத் தள்ளியது. பார்க்கக் கணினி மென்பொருள் போல இருக்கும். உள்ளே ஓடுவது வலைப்பக்கம். வேறு நிறுவனத்தின் ஐமேப் கணக்கை அதில் சேர்த்தால், கடிதங்கள் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் ஒரு சுற்று போய்வருகின்றன. கணினியில் ஐகான் இருப்பதால் அது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்துகிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அதன் அலுவலகம் உண்டு. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோ நடத்தும் தளத்துக்கு மாறியதை 2025-இல் செய்திகளில் படித்திருப்பீர்கள். கடிதம் இந்திய மண்ணில் இருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் ஐமேப், பாப் வசதி கிடையாது. காசு கட்டும் திட்டத்தில்தான். எந்தச் சேவையில் கணக்குத் தொடங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: என் கடிதங்களை நான் வெளியே எடுத்துப் போக வழி இருக்கிறதா?

ஆகவே என் தீர்ப்பு இப்படி. செல்பேசியில் ஓ.டி.பி.யும் டிக்கெட்டும் பார்ப்பதோடு முடிகிறவர்களுக்கு வெப்மெயிலும் செயலியும் தாராளம், மென்பொருள் வேண்டாம். தேன், முந்திரி, ரப்பர் என்று கடித வழியாகப் பேரம் பேசி, அந்தக் கடிதமே பின்னால் ஆதாரமாகும் தொழில் செய்பவர்கள் கட்டாயம் ஒரு கணினியில் தண்டர்பேர்டு போன்ற ஒன்றை ஐமேப் முறையில் வைத்து, ஆண்டுக்கொரு முறை உள்ளூர்ப் பெட்டிக்கு நகலெடுக்க வேண்டும். முடிந்தால் நிறுவனத்தின் பெயரில் சொந்த டொமைன் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குச் சேவையை மாற்றினாலும் விசிட்டிங் கார்டை மாற்ற வேண்டியிருக்காது. பொதுக் கணினியில் உட்காருகிறவர்களுக்கு அன்றும் இன்றும் வெப்மெயில்தான், லாக்-அவுட் செய்ய மறக்காமல்.

மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு பிரதி மட்டும் கையில் இருந்தால் போதும் என்பவர்களுக்குக் கூகிள் டேக்அவுட் இருக்கிறது. கணக்கில் நுழைந்து 'மெயில்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால், கடிதங்கள் முழுவதையும் எம்பாக்ஸ் கோப்பாகக் கட்டிக் கொடுப்பார்கள். கட்டுவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ ஆகலாம். தயாரானதும் மெயிலில் சுட்டி வரும். அந்தச் சுட்டி ஏறத்தாழ ஒரு வாரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் இறக்கி, ஒரு பென்டிரைவில் போட்டு, பத்திரங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.